ஒச்சம்மாவோட மெஷினும் பாதிப் பத்திரிகையும்

சுவத்துல பாதிக் கல்யாணப் பத்திரிகைய எதுக்கு மாட்டி வச்சிருக்கோம்னு தானே கேட்ட? சொல்றேன், படு. போர்வைய உதைக்காத. "ம்" கொட்டணும், இல்லன்னா பெரியம்மா பாதியில நிறுத்திருவேன்.

ஒரு மலைல ஒரு மரம் அறுக்குற மெஷின் இருந்துச்சு. உங்க அப்பாவ விட அதுக்கு வயசு கூட. கயித்தச் சர்ர்க்குன்னு இழுத்தா கர்ர்ர்ர்னு கத்தும் பாரு, எதுத்த மலைக் குரங்கெல்லாம் ஓடிரும்! ஒச்சம்மான்னு ஒருத்தங்களோட மெஷின் அது. அந்த மலைல மரம் அறுக்குற பொம்பள அவங்க ஒருத்தர்தான். அவங்க வாயத் திறந்தா மெஷின் சத்தமே தேவலாம்னு இருக்கும்.

அப்போ அவங்க வீட்டுக்கு ஒரு மருமக வந்தா. வந்து ஒரு மாசமாச்சு, மாமியார் அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. எப்பப் பாரு "ஏ புதுப்பொண்ணு"தான். பாவம், அவளுக்கு அழுக அழுகையா வரும். அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சா? சைக்கிள், வண்டியெல்லாம் கழுவிச் சந்தனம் வைப்பாங்கல்ல? நல்ல பேரு வாங்கணும்னு அந்தக் கூறுகெட்டவ என்ன பண்ணா தெரியுமா? மெஷினோட மூடியக் கழட்டி, ஷாம்பு போட்டு, ரெண்டு வாளித் தண்ணிய உள்ளயே சளக் சளக்குன்னு ஊத்திக் கழுவிட்டா!

சிரிக்காத. "ம்" எங்க?

மறுநாள் பேய்மழை. மடார்! ஓடைக்கரையில மாட்டுக்கொட்டாய் வாசல்ல பெரிய பலாமரம் சாஞ்சிருச்சு. உள்ள செவலப் பசு மாட்டிக்கிச்சு. வெளிய அதோட கன்னுக்குட்டி. இது "ம்மா"ங்குது, உள்ளருந்து அது "ம்மாஆஆ"ங்குது. ஓடைத் தண்ணி ஏறி, பசுவோட குளம்பு முங்கிருச்சு. அரிவாளால வெட்டுனா சாயங்காலம் ஆயிரும், அதுக்குள்ள தண்ணி மூக்குக்கு வந்துரும். பசுவுக்குச் சொந்தக்காரி வீராயி ஓடியாந்து, "ஒச்சம்மாக்கா, என் செவலையக் காப்பாத்துக்கா!"ன்னு கதறுறா.

ஒச்சம்மா மெஷினத் தூக்கிட்டு ஓடுனாங்க. சர்ர்க்! சத்தமில்ல. சர்ர்க்! ம்ஹும்.

"பிளக்குதான்"னு சொல்லி, பிளக்கக் கழட்டித் தேய்ச்சு, இரும்புல ஒட்டிப் புடிச்சுக் கயித்த இழுத்தாங்க. பிளக்கு நுனியில டப்புன்னு நெருப்புப் பொறி வரணும், அப்பதான் மெஷின் ஓடும். வரல. தண்ணி பசுவோட முழங்காலுக்கு வந்துருச்சு.

அப்புறம், மெஷின நிறுத்துற சுவிட்சோட வயரு எங்கயாச்சும் உரசிப் பொறிய அணைக்குதான்னு அத உருவி விட்டுட்டு, சர்ர்க்! அப்பவும் பொறி இல்ல. தண்ணி வயித்துக்கு வந்துருச்சு!

மருமகளுக்கு நேத்துக் கழுவுனது ஞாபகம் வந்துருச்சு. சொன்னா மாமியார் கொன்னுருவாங்க, சொல்லலன்னா பசு செத்துரும். கன்னுக்குட்டி மறுபடி "ம்மா"ன்னுச்சு. உடனே இவ, "அத்த! நான்தான் கழுவுனேன். மூடியத் திறந்து உள்ளயும் கழுவிட்டேன்"னு அழுதுட்டா.

ஒச்சம்மா முறைச்சாங்க பாரு! அப்புறம், "அப்போ பொறி உண்டாக்குற கம்பிச்சுருள், அந்தக் காயில்ல தண்ணி எறங்கிருச்சு. ஏ புதுப்பொண்ணு, ஓடு! வாழைக்கு மருந்தடிக்கிற மெஷினத் தூக்கிட்டு வா! அதுலயும் இதே காயிலுதான்"னாங்க.

குடுகுடுன்னு ஓடித் தூக்கிட்டு வந்தா. அந்தக் காயில இங்க மாட்டுனாங்க. மெஷினுக்குள்ள ஒரு சக்கரம் சுத்தும், அதுல ஒரு காந்தம். அது காயிலத் தாண்டும்போதுதான் பொறி வரும். ஆனா ரெண்டும் ஒட்டவும் கூடாது, ரொம்ப விலகவும் கூடாது. நடுவுல ஒரு அட்டைய வச்சு, ஸ்குரூவ முடுக்கிட்டு, அட்டைய உருவணும். அட்டைக்கு எங்க போக? ஒச்சம்மா ஸ்பேனர் போட்டு வச்சிருந்ததே மகன் கல்யாணத்துத் தாம்பூலப் பைதான். அதுக்குள்ள மிச்சமான பத்திரிகை ஒண்ணு கெடந்துச்சு. அதச் சொருகி முடுக்கி உருவிட்டு, சர்ர்க்! புர்... புர்... பொசுக்!

"ஐயோ, கனம் ஜாஸ்தி அத்த, மடிச்ச அட்டை!"ன்னு மருமக கத்துனா. வெடுக்குன்னு வாங்கி, மடிப்போட பர்ர்ர்னு ரெண்டாக் கிழிச்சா. அவளோட சொந்தக் கல்யாணப் பத்திரிகைய! மாப்பிள்ளை பேரு இருந்த பாதி ஓடையோட போயிருச்சு. பொண்ணு பேரு இருந்த பாதியச் சொருகி, முடுக்கி, உருவுனாங்க. ஒச்சம்மா அந்தத் தாள்ல இருந்த பேரப் படிச்சாங்க. அப்புறம் கயித்த அவகிட்ட நீட்டி, "அன்னக்கொடி, நீ இழு"ன்னாங்க.

பேரச் சொல்லிட்டாங்க! அவ இழுத்தா பாரு ஒரு இழுப்பு. சர்ர்ர்க்! கர்ர்ர்ர்ர்ர்ர்!

ஒச்சம்மா மெஷின வாங்கி மரத்துல வச்சாங்க. தூள் பறக்குது! இங்க ஒரு வெட்டு, அங்க ஒரு வெட்டு, நடுத்துண்டு தொப்புன்னு விழுந்துச்சு. செவல ஒரே தாவு! நேரா வந்து கன்னுக்குட்டிய நக்குச்சு. வீராயி ரெண்டையும் கட்டிப் புடிச்சு அழுதா.

அன்னக்கொடி யாரா? மளிகைக்கடைக்காரர் பெரியம்மாவ என்னன்னு கூப்பிடுறாரு? ஆங், இப்பத் தெரிஞ்சுதா! அந்தத் தாள எங்க மாமியாரே சுவத்துல மாட்டுனாங்க. இன்னும் அந்த மெஷினக் கழுவ மட்டும் என்னை விட மாட்டாங்க.

"ம்" காணோமே? சரி, மெஷின் நின்னுருச்சு, கதையும் நின்னுருச்சு. தூங்குடி தங்கம்.