இரண்டாவது சின்னம்

முதல் தவறு, டிரம்கள் வந்து இறங்கிய அன்றே நடந்தது. ஒவ்வொரு நீல டிரம்மிலும் இரண்டு சின்னங்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றில், சொட்டும் திரவம் ஒரு கையை அரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மண்டை ஓடு. இரண்டு படம் எதற்கு, ஆட்கள் பயப்படுவார்கள் என்று மேலாளர் சொன்னார். மண்டை ஓடு சுரண்டப்பட்டது.

இரண்டாவது தவறு, முதல் தவறுக்குப் பிறந்த பிள்ளை. மண்டை ஓடு இல்லாததால் அந்த அமிலம் நஞ்சு இல்லை என்று ஆயிற்று. நஞ்சு இல்லை என்பதால் அதற்கு வைத்திருக்க வேண்டிய கால்சியம் களிம்பு வாங்கப்படவில்லை. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் ஆப்பச்சோடாவும் இருந்தன.

மூன்றாவது, அமிலத் தொட்டியருகே நிற்க மாட்டோம் என்று உள்ளூர்த் தொழிலாளர்கள் மறுத்தார்கள். மறுத்தது தவறு இல்லை. மறுத்ததோடு வீட்டுக்குப் போனதுதான் தவறு. அவர்கள் விட்ட இடத்தில் வடக்கேயிருந்து வந்த ஒப்பந்த ஆட்கள் நின்றார்கள்.

நான்காவது, தொழிற்சங்கம் ஒரு துண்டறிக்கை வெளியிட்டது. நல்ல அறிக்கை. ஓர் எழுத்துப்பிழை கிடையாது. ஆனால் தமிழில் இருந்தது. தொட்டியருகே நின்றவர்கள் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

ஐந்தாவதாகத்தான் சாவு வந்தது.

இந்த வரிசையை யாரும் மாற்றக் கூடாது. சாவிலிருந்து சொல்லத் தொடங்கினால் செத்தவனே குற்றவாளி ஆகிவிடுவான். நிர்வாகம் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

அது எஃகுக் குழாய்களை அமிலத்தில் முக்கிப் பளபளப்பாக்கும் தொழிற்சாலை. சவரிமுத்து அங்கே ஸ்டோர் கீப்பர். டிரம்கள் அவர் பொறுப்பு. மண்டை ஓட்டைச் சுரண்டியதும் அவர் கைதான்.

சாவு வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை சவரிமுத்து சங்க அலுவலகத்துக்குப் போனார். பஞ்சர் கடைக்கு மேலே ஒற்றை அறை. வாசலில், சங்கத்தை நடத்தும் பூங்கோதை போஸ்டர் ஒட்டும் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். சவரிமுத்துவைவிடப் பத்து வயது இளையவர். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவர் சொல்வதைச் சவரிமுத்து தரையில் உட்கார்ந்து கேட்பார். அதில் சவரிமுத்துவுக்கு வெட்கம் இருந்ததில்லை.

"வாங்க தோழர். அந்தக் கட்டையை எடுத்துக் கிண்டுங்க. அடி பிடிக்குது."

சவரிமுத்து கிண்டினார்.

"தோழர், ஒரு சந்தேகம்."

"உங்களுக்குச் சந்தேகம் வராத நாள்லதான் எனக்குப் பயம். கேளுங்க."

"பதினோரு மணிக்கு விசாரணை அதிகாரி வர்றாரு. டிரம்மைப் பாத்து, சாட்சிங்களை வச்சு மகஜர் எழுதப் போறாரு. சங்கத்துக்காக நீங்க ஒரு சாட்சி. ஸ்டோர் கீப்பர்ங்கறதால நான் ஒரு சாட்சி. அந்த ஆசிட் என்ன வகைன்னு என்னைக் கேப்பாரு."

"என்ன சொல்லப் போறீங்க?"

"அரிக்கிற வகைன்னு மட்டும் சொல்லுன்னு மேலாளர் சொல்றாரு. கால் வெந்தது ஆசிட்டால, நெஞ்சு நின்னது அவன் விதியாலன்னு எழுதி முடிச்சிடுவாங்க."

"முடிச்சிட்டா?"

"நஞ்சு இல்லைன்னு ஆயிடும். களிம்பு வாங்க வேண்டாம். ரெண்டு மணி ஷிஃப்டுக்கு அதே தொட்டிக்கு அடுத்த ஆளைச் சொல்லிட்டாங்க. செத்தவனோட சித்தப்பா மகன்தான்."

"எல்லாம் தெளிவாத்தானே இருக்கு. சந்தேகம் எங்கே?"

சவரிமுத்து கிண்டுவதை நிறுத்தினார்.

"மேலாளர் ஒரு கேள்வி கேட்டாரு. எனக்குப் பதில் வரல. சோதனைக்கூடத்துல எலிங்களுக்குக் குடுத்துப் பாப்பாங்களாம். எவ்வளவு குடுத்தா பாதி எலி சாகுதுன்னு பாத்துத்தான் நஞ்சுன்னு பிரிப்பாங்களாம். அதுக்கு ஒரு கணக்கு உண்டாம். நம்ம இடத்துல இத்தனை வருஷத்துல செத்தது ஒருத்தன். ஒருத்தனை வச்சு எப்படி வகை பிரிப்பேங்கறாரு."

"ம்."

"எத்தனை பேர் செத்தா அது நஞ்சு, தோழர்?"

பூங்கோதை ஒரு டப்பாவைத் திறந்து மயில்துத்தம் எடுத்தார். நீலக் கட்டியைக் கல்லில் நுணுக்கிப் பசையில் போட்டார். பூச்சி அரிக்காமலும் மாடு தின்னாமலும் போஸ்டர் சுவரில் நிற்க வேண்டும் என்றால் அதைப் போட வேண்டும். பிறகு பசையை வாளியில் ஊற்றச் சொன்னார்.

வாளியின் பக்கத்தில் கறுப்பு பெயின்டில் ஒரு மண்டை ஓடு வரையப்பட்டிருந்தது.

"இது யாரு வரைஞ்சது? பூசணிக்காய் மாதிரி இருக்கு."

"நான்தான். பூசணிக்காய்க்குப் பல்லு இருக்குமா? பாத்துப் பேசுங்க."

"எதுக்கு வரைஞ்சீங்க?"

"ஒரு தடவை வாளியைக் கீழே வச்சிட்டுச் சாயா குடிக்கப் போயிட்டோம். ஆடு வந்து நக்கிடுச்சு."

"எத்தனை ஆடு செத்துச்சு?"

"செம்பி."

"எத்தனைன்னு கேட்டேன், தோழர்."

"நானும் அப்படித்தான் கேட்டேன், ஆட்டுக்காரம்மாகிட்ட. எத்தனைங்க, நஷ்டத்தைக் குடுத்துடறோம்னேன். அந்தம்மா காதுல விழல. செம்பி செம்பின்னு கூப்பிட்டுக்கிட்டே இந்த வாளியைச் சுத்திச் சுத்தி வந்தாங்க. அன்னைக்குச் சாயந்திரமே பெயின்ட் வாங்கினேன்."

சவரிமுத்து பசையை ஊற்றி முடித்தார்.

"வியாழக்கிழமை செத்தது யாரு, தோழர்?" என்று பூங்கோதை கேட்டார்.

"தொட்டிகிட்ட நிக்கிற வடக்கத்திப் பையன்."

"அது வகை. நான் ஆளைக் கேட்டேன்."

சவரிமுத்து கட்டையில் ஒட்டியிருந்த பசையை வாளி விளிம்பில் வழித்தார்.

"தினமும் காலையில அவனுக்கு டிரம் திறந்து குடுத்தது யாரு?"

"நான்தான்."

"எப்படிக் கூப்பிடுவீங்க?"

"ஏய்னா திரும்புவான், தோழர்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது. அவர் வாளியைப் பார்த்தார்.

பூங்கோதை உள்ளே போய் ஒரு சின்ன பிரஷ்ஷும் அடியில் கொஞ்சம் கறுப்பு பெயின்ட் மிஞ்சியிருந்த டப்பாவும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். சவரிமுத்து அவற்றோடு படி இறங்கினார்.

ஒப்பந்த ஆட்கள் தங்கும் தகரக் கொட்டகை தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தது. செத்தவரின் சித்தப்பா மகன் பிசு, கதவருகில் குந்தியிருந்தான். அவன் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இது யாரோடது?" என்றார் சவரிமுத்து.

"அண்ணனோடது. ரெண்டு மணிக்கு இதைப் போட்டு வரச் சொன்னாங்க."

சவரிமுத்து பூட்ஸைக் காலால் தள்ளினார். ஒரு குச்சியில் கோத்துத் தூக்கித் தூரப் போட்டார்.

"தொடாதே. இனி இதைத் தொடாதே."

பிசு அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"உன் அண்ணன் பேரு என்ன?"

"எதுக்கு? போலீஸா?"

"இல்ல. எனக்குத் தெரியணும்."

"ஒரு வருஷம் நீங்க கேக்கல, அண்ணே. இப்ப வேணுமா?"

சவரிமுத்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஆமா. இப்ப வேணும்."

பிசு சொன்னான். சவரிமுத்து திருப்பிச் சொன்னார். தப்பாக வந்தது. மறுபடி சொன்னான். மறுபடியும் தப்பு. மூன்றாவது முறை அவர் சொன்னதைக் கேட்டு பிசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயை உடனே கையால் மூடிக்கொண்டான். அழுது முடித்ததும் எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தான். அம்மா பெயரும் ஊர்ப் பெயரும் சவரிமுத்து கேட்காமலே சொன்னான்.

பிறகு நடந்ததைச் சொன்னான். டிரம்மிலிருந்து தொட்டிக்கு ஊற்றும்போது அமிலம் பூட்ஸுக்குள் இறங்கியிருக்கிறது. அண்ணன் பூட்ஸைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார். எரியவே இல்லை.

"எரியல எரியலன்னு சிரிச்சான், அண்ணே. அப்புறம் வேலை பாத்தான். சாயந்திரம் எலும்பு எரியுதுன்னு கத்தினான். மேலே ஒண்ணும் இல்ல, தோல் வெள்ளையா இருந்துச்சு, அவ்வளவுதான். சோடா பூசினாங்க. ஆஸ்பத்திரி போற வண்டியிலே நெஞ்சைப் பிடிச்சான்."

"வண்டி எப்ப வந்துச்சு?"

"அவன் கத்தறதை நிறுத்தின பிறகு."

சவரிமுத்து எழுந்தார். பெயரை முணுமுணுத்துக்கொண்டே ஸ்டோருக்கு நடந்தார். பிசு கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்தான்.

விசாரணை அதிகாரி பதினோரு மணிக்கு வந்தார். கூடவே எழுத்தர் ஒருவர். சாட்சிக்குப் பூங்கோதையும் வந்திருந்தார். மேலாளர் ரகோத்தமன் நாற்காலி போடச் சொன்னார். அதிகாரி உட்காரவில்லை. டிரம் முன்னால் நின்று சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார்.

"நீல நிற டிரம் ஒன்று. மூடி உள்ளது. ஹைட்ரோபுளோரிக் அமிலம் என்று அச்சிடப்பட்டுள்ளது. முன்பக்கத்தில் முதலாவதாக, அரிக்கும் பொருள் என்பதற்கான சின்னம். அதற்குக் கீழே..."

நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அங்கே சுரண்டப்பட்ட தடம் ஒன்று வெளுத்துத் தெரிந்தது. அதற்குள்ளே கறுப்பு எழுத்துகள். பெயின்ட் இன்னும் காயவில்லை.

மேலாளரும் அப்போதுதான் பார்த்தார்.

"என்னய்யா இது? யாருப்பா அங்கே, ஒரு துணி கொண்டா. ஐயா, ஒரு நிமிஷம், துடைச்சிடறேன்."

"தொடாதீங்க," என்றார் அதிகாரி. "மகஜர் ஆரம்பிச்சாச்சு. பொருள் மேல என்ன இருக்கோ அதை அப்படியே எழுதணும். எழுதினதைச் சாட்சிகளுக்குப் படிச்சுக் காட்டணும். அதுக்குத்தானே வந்திருக்கேன்."

பிறகு பொதுவாகக் கேட்டார்.

"யார் எழுதினது இது?"

"நான்தாங்க ஐயா. ஸ்டோர் கீப்பர்."

"எப்போ?"

"இன்னைக்குக் காலையில."

"எதுக்கு?"

"அங்கே ஒரு மண்டை ஓடு இருந்துச்சுங்க. மேலாளர் சுரண்டச் சொன்னாரு, நான் சுரண்டினேன். எடுத்த இடத்துல எதையாவது வைக்கணும் இல்லீங்களா? லேபிள் பாக்கறது என் வேலை."

அதிகாரி தடத்தின் மேல் குனிந்து பார்த்தார்.

"எழுதுங்க," என்றார் எழுத்தரிடம். "இரண்டாவது சின்னம் சுரண்டப்பட்ட தடம் உள்ளது. நிர்வாகம் சொல்லி எடுத்ததாக ஸ்டோர் கீப்பர் கூறுகிறார்."

"சவரிமுத்து," என்றார் மேலாளர் மெதுவாக. "திங்கக்கிழமை நீ வேலைக்கு வரணுமா வேண்டாமா?"

"ரெண்டு மணிக்கு பிசு வரணும்னு சொல்லியிருக்கீங்க, சார். முதல்ல அது தீரட்டும். திங்கக்கிழமை அப்புறம்தானே வருது."

பிசு வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால் கொட்டகை ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்திருந்தார்கள். உள்ளூர் ஆட்கள் சிலர் குழாய் அடுக்குகளுக்கு அப்பால் நின்றார்கள்.

மேலாளர் பூங்கோதையிடம் திரும்பினார்.

"எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானே அம்மா? நல்லா நடத்துறீங்க பள்ளிக்கூடம். ஒருத்தன் செத்தான்னு ஒரு பொருளோட வகையையே மாத்திடுவீங்களா? எத்தனை பேருங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கா இல்லையா?"

பூங்கோதை மேலாளரைப் பார்க்கவில்லை. சவரிமுத்துவைப் பார்த்தார்.

"இருக்கு சார். ஐயா இப்போ படிப்பாரு, கேளுங்க."

எழுத்தர் தாளை நீட்டினார். அதிகாரி சாட்சிகளை முன்னால் வரச் சொன்னார். பூங்கோதையும் சவரிமுத்துவும் வந்து நின்றார்கள். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். முதல் சின்னத்தைப் படித்தார். சுரண்டப்பட்ட தடத்தைப் படித்தார். அடுத்த வரியில் சற்றுத் தயங்கினார். டிரம்மைப் பார்த்து எழுத்துகளைச் சரிபார்த்துக்கொண்டு, ஸ்டோர் முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

"லகிந்தர் மாஜி. தாய், ரைபாரி. ஊர், கெந்துபடா."