அரண்மனை முற்றத்துக்கு வந்த உடைப்பு

ஊருக்கு ஊர் ஏரி இருந்தும், ஒரு ஏரியைக்கூட அரசன் நேரில் பார்த்திராத முன்னொரு காலத்தில் ஒரு தேசம் இருந்தது. அதில் பதினெட்டு நாடுகள். நாடு என்றால் பத்துப் பன்னிரண்டு ஊர் சேர்ந்த ஒரு பகுதி; ஒவ்வொன்றுக்கும் நாட்டார் என்று ஒரு தலைவர். விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு அரண்மனைக்குப் போய்விடும். போனதில் கொஞ்சமாவது திரும்பி வரவேண்டுமென்றால், ஆடி மாதம் அரண்மனை முற்றத்தில் கூடும் சபையில் போய் நின்று கேட்கவேண்டும். எங்களுக்குப் பாலம் இல்லை, எங்களுக்குப் படகு இல்லை, எங்கள் மதகு போய்விட்டது என்று பதினெட்டு நாட்டாரும் கேட்பார்கள். அரசனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எட்டு அமைச்சர்கள் யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பார்கள். மூத்த அமைச்சர் நந்திராயர் பிறந்த நாட்டுக்கு மட்டும் எந்த வருஷமும் இல்லையென்று ஆனதில்லை.

அந்த வருஷம் பதினோராவது நாட்டார் பேசிக்கொண்டிருக்கும்போது அரசனுக்குச் சலிப்புத் தட்டியது.

"போதும். எல்லோரும் ஒரே அழுகையைத்தான் அழுகிறீர்கள். எது மெய், எது பொய் என்று நான் எப்படி அறிவேன்? இனி வாயால் கேட்பவருக்கு ஒன்றும் கிடையாது. பத்து நாள் தருகிறேன். குறை எதுவோ அதை இந்த முற்றத்துக்கே கொண்டு வாருங்கள். கண்ணால் கண்டால் கொடுப்பேன்" என்றான்.

அமைச்சர்கள் தலையாட்டினார்கள். அரசன் எதைச் சொன்னாலும் அவர்கள் தலையாட்டுவார்கள்.

பத்தாம் நாள் முற்றம் சந்தைபோல் ஆனது. ஒரு நாட்டார் பாதிப் படகைத் தூக்கி வந்தார். இன்னொருவர் இற்றுப்போன பாலப் பலகையைச் சுமந்து வந்தார். நந்திராயரின் நாட்டிலிருந்து விரிசல் விட்ட தேர்ச்சக்கரம் ஒன்று மாலை போட்டு மேளத்தோடு வந்தது. கடைசியில் ஆலங்கரை நாட்டார் சேவுகன் வந்தார். அவர் கையில் ஒரு கூடை மண் இருந்தது.

"ஏரிக்கரை ஒடைஞ்சு ஒம்பது மாசமாச்சு மகாராசா. இது அந்தக் கரை மண்ணு" என்றார்.

நந்திராயர் எழுந்து வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "நாட்டாரே, இது மண். கரையில் மண் இருக்கிறது என்பதற்குத்தான் இது சாட்சி. எது இல்லையோ அதையல்லவா அரசர் கேட்டார்? உடைப்பு எங்கே?"

சபை சிரித்தது. சேவுகன் கூடையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அரசன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த மாசாணம் மட்டும் மூக்கால் ஒரு சத்தம் விட்டான்.

மாசாணம் அந்தச் சபையின் விகடன். அரசனுக்குச் சிரிப்பு வரவைப்பது அவன் வேலை. அதற்கு முன் அதே ஆலங்கரை ஏரியில் மண் சுமந்தவன். சும்மாடு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் முடி முளைக்காத வட்டம் ஒன்று இன்னும் இருந்தது. தலைப்பாகை கட்டி மறைத்திருந்தான். மண் சுமந்தவன் தங்களுக்குச் சமமாக அரசனிடம் பேசுவது அமைச்சர்களுக்கு நெஞ்சில் முள்.

நந்திராயர் திரும்பினார். "விகடர் ஏதோ சொல்ல விரும்புகிறார் போலும். உடைப்பைக் கொண்டு வர வழி தெரிந்தால் அவரே கொண்டு வரட்டும். முடியாவிட்டால் பழைய தொழிலுக்கே திரும்பட்டும். அரசே, இது தங்களுக்குச் சம்மதமா?"

அரசனுக்கு வேடிக்கை பிடிக்கும். "ஐந்து நாள். உன்னால் முடியுமா, மாசாணம்?"

மாசாணத்துக்கு மண் சுமப்பது பயமில்லை. போன கார்த்திகையில் கரை வாய் பிளந்தபோது, வைக்கோல் பிரியை உருட்டிக்கொண்டு அடைக்கப் போன அவன் பெரியப்பன் மகன் அந்தத் தண்ணீரோடே போய்விட்டான். கரைக்குக் கீழே நாலு ஊர் இருக்கின்றன. ஐப்பசி பிறக்க இன்னும் இரண்டு மாதம்தான். அடுத்த மழைக்கு அந்த வாய் திறந்தே கிடந்தால் யார் யார் வீடு முதலில் போகும் என்று அவனால் வரிசையாகச் சொல்ல முடியும்.

"முடியும் அரசே. ஓலையில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தால் போதும்" என்றான்.

அவன் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார்: 'ஆலங்கரை ஏரியின் உடைப்பை நீளம், அகலம், ஆழம் குறையாமல் அரண்மனை முற்றத்துக்குக் கொண்டுவரவேண்டும். எவரும் தடுக்கக்கூடாது. அதை முழுவதும் பார்த்து முடிக்கும்வரை அரசர் ஆசனத்தை விட்டு எழக்கூடாது.'

"நான் எழக்கூடாது என்பது எதற்காக?" என்றான் அரசன்.

"மூன்று வருஷமாக ஆலங்கரை முறை வரும்போதெல்லாம் தாங்கள் உணவுக்கு எழுந்துவிட்டீர்கள், அரசே."

அரசன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான்.

ஏரி ஒன்றும் தூரத்தில் இல்லை. கோட்டை வாசலிலிருந்து மாட்டுவண்டி இரண்டு நாழிகையில் போய்விடும். மாசாணம் போனபோது உடைப்பின் ஓரத்தில் சேவுகனும் இருளாயியும் நின்றிருந்தார்கள். தண்ணீரோடு போனவனின் மனைவி இருளாயி. இப்போது மண்வெட்டும் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

"என்ன கொழுந்தா, அரமனைச் சோறு தின்னு புத்தி மழுங்கிப்போச்சா? ஒடைப்பை எதுல கட்டித் தூக்கப் போற?"

"கயித்துல மதினி" என்று மூன்று கயிறுகளை எடுத்துப் போட்டான் மாசாணம். "ஒண்ணு நீளத்துக்கு, ஒண்ணு அகலத்துக்கு, ஒண்ணு ஆழத்துக்கு. அளந்து முடிச்சுப் போடுங்க."

"வெளையாடுற நேரமாப்பா இது?" என்றார் சேவுகன். "ஆளு இருக்கு, வண்டி இருக்கு. மண்ணுதான் இல்ல. ஓலை இல்லாம ஒரு கூடை வெட்டினாலும் அரசாங்க மண்ணைத் திருடினான்னு முதுகை உரிச்சிருவாங்க. ஓலை கேட்டுத்தான் மூணு வருசமா நடக்கேன். அப்ப இது வெறும் விரிசல்."

"ஓலை வந்துருச்சு மாமா" என்றான் மாசாணம். "மண்ணை எங்க வெட்டணும்னுதான் அதுல எழுதல."

இருளாயி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கயிற்றின் ஒரு நுனியோடு உடைப்புக்குள் இறங்கினாள். நீளம் இருபது முழம், அகலம் பத்து, ஆழம் ஆறு.

ஐந்தாம் நாள் விடிந்ததும் சபை கூடியது. அரசன் முற்றத்தின் நடுவே ஆசனத்தில் இருந்தான். சுற்றிலும் எட்டு அமைச்சர்கள். கோட்டை வாசல் வழியாக அறுபது எழுபது பேர் மண்வெட்டியும் கூடையுமாக உள்ளே வந்தார்கள். பின்னால் நூறு மாட்டுவண்டிகள் வெறுமையாக வந்து நின்றன.

மாசாணம் கயிறுகளை அரசன் காலடியில் வைத்தான். "நீளம், அகலம், ஆழம், மூன்றும் வந்துவிட்டன. இனி பிரித்து வைக்கவேண்டியதுதான் அரசே."

இருளாயி கயிற்றைப் பிடித்து அரசனைச் சுற்றி நீளமாகக் கட்டம் போட்டாள். கயிறு நந்திராயரின் மடியை உரசிக்கொண்டு போயிற்று.

"கொஞ்சம் எந்திரிச்சு அங்கிட்டுப் போங்க சாமி. ஒடைப்பு நீங்க ஒக்காந்திருக்கிற எடத்தையும் தாண்டித்தான் வருது."

"அரசே, அரண்மனையைத் தோண்டுகிறார்கள். இது ராஜநிந்தனை" என்றார் நந்திராயர்.

"எவரும் தடுக்கக்கூடாது என்று என் முத்திரை இருக்கிறது, அமைச்சரே. எழுந்து நில்லும்" என்றான் அரசன்.

மண்வெட்டிகள் இறங்கின. அரண்மனை முற்றத்து மண் கறுப்புக் களி. வெட்டினால் வெண்ணெய்க் கட்டிபோல் வந்தது. வெட்ட வெட்டக் கூடையில் அள்ளினார்கள், கூடை தலைக்கு ஏறியது, தலையிலிருந்து வண்டிக்குப் போயிற்று. வண்டி நிறைந்ததும் வாசலைத் தாண்டிப் போனது. போன வண்டி வெறுமையாகத் திரும்பி வந்தது. நாலு பக்கமும் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போக, அரசனின் ஆசனம் மட்டும் நடுவில் ஒரு மண் திட்டின்மேல் அப்படியே நின்றது.

"என்னை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?" என்று அரசன் கீழே குனிந்து மாசாணத்திடம் கேட்டான்.

"மண்வெட்டுகிறவர்கள் எங்கே குழி எடுத்தாலும் நடுவில் ஒரு திட்டை வெட்டாமல் விடுவார்கள் அரசே. பழைய தரை எந்த உயரத்தில் இருந்தது என்று அதுதான் காட்டும். அளக்க வருகிறவர் அதை வைத்துத்தான் ஆழம் பார்ப்பார். இல்லையென்றால், பள்ளம் முன்பே இருந்தது என்று சொல்லிக் கூலியைக் குறைத்துவிடுவார்கள். கடைசியில்தான் திட்டை வெட்டுவார்கள்."

"அப்படிக் குறைத்திருக்கிறார்களா?"

"எனக்கே இரண்டு தடவை, அரசே."

உச்சிப்பொழுதில் சமையற்காரர் வெள்ளித் தட்டோடு வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றார். மேற்கொண்டு வர வழியில்லை. அரசனும் எழ முடியாது. தட்டும் பசியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருந்தன. கீழே திட்டின் நிழலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்த இருளாயி தலையைத் தூக்கினாள்.

"கேப்பைக் கூழு குடிப்பீகளா மகாராசா? வெங்காயம் இருக்கு."

கலயம் கைமாறி மேலே போயிற்று. அரசன் குடித்தான். முகம் சுளித்தான். மறுபடியும் குடித்தான். பிறகு வேலை மீண்டும் தொடங்கியபோது அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். காலையில் அவன் கண்ணில் பட்டவை கூடைகள். வெயில் சாய்ந்தபோது அவன் பார்த்தது கூடைக்குக் கீழே இருந்த கழுத்துகளை. ஒரு பாரம் ஏறும்போது கழுத்து நரம்பு எப்படிப் புடைக்கிறது என்பதை அவன் அதுவரை அறிந்ததில்லை. மாசாணம் அதைக் கவனித்தான். வழக்கமாக இந்த நேரத்தில் அவன் ஏதாவது வேடிக்கை சொல்லியிருப்பான். அன்று சொல்லவில்லை.

சூரியன் மதிலுக்குப் பின்னால் இறங்கும்போது ஆழக் கயிற்றின் முடிச்சு தரையைத் தொட்டது.

"உடைப்பு வந்து சேர்ந்தது அரசே. சரிபார்த்துக்கொள்ளலாம்" என்றான் மாசாணம்.

நந்திராயரால் பொறுக்க முடியவில்லை. "அரசே, பார்த்தாயிற்று. இந்தக் குழியை நாளையே மூடவேண்டும். ஒரு மழை பெய்தால் தண்ணீர் கருவூலத்துக்குள் போகும். சுவர் சரியும். ஐந்நூறு ஆட்களைப் போடலாம், செலவைப் பார்க்கவேண்டியதில்லை. அமைச்சர்களே, சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்."

ஏழு கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. அந்தச் சபையில் எதுவும் அத்தனை வேகமாகத் தீர்மானமானதே இல்லை.

மாசாணம் மெல்லக் கேட்டான்: "அமைச்சரே, இந்தக் குழி வந்து ஒரு பகல்கூட ஆகவில்லை. தண்ணீர் வரும், சுவர் சரியும் என்று அதற்குள் தங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"கண் இருப்பவனுக்குத் தெரியாதா?"

"அங்கேயும் இதே நீளம், இதே அகலம், இதே ஆழம். ஒன்பது மாதமாக. அதற்குக் கீழே நாலு ஊர்."

அரசன் சேவுகனைப் பார்த்தான். "இரண்டு நாழிகைத் தூரம்தானே? என்னை வந்து பார்க்கச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் மகாராசா. பாதை சேறா இருக்கு, மகாராசா காலு படக்கூடாதுன்னு ராயர் சொல்லிட்டாக."

நந்திராயர் பேச்சை மாற்றினார். "அதெல்லாம் இருக்கட்டும். வெட்டிய மண் எங்கே? காலையிலிருந்து வண்டி வண்டியாக வெளியே போயிற்றே. அரசரின் மண்ணைத் திருடினால் என்ன தண்டனை என்று விகடருக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனால் இது திருட்டல்ல, கட்டளை. உடைப்பை இங்கே கொண்டுவரச் சொன்னது ஓலை. கொண்டுவந்த பொருள் பழைய இடத்திலும் கிடந்தால் அதைக் கொண்டுவந்ததாக எப்படிச் சொல்வது? நாளை தாங்களே போய்ப் பார்த்துவிட்டு, 'உடைப்பு இன்னும் ஏரியில்தான் இருக்கிறது, மாசாணம் பொய் சொன்னான்' என்பீர்கள். ஆகவே உடைப்பு இங்கே வர வர, இங்கிருந்த மண் அங்கே போயிற்று. குறைவில்லாமல் இடம் மாற்றியிருக்கிறோம்."

அரசனின் உதடு துடித்தது. அவன் அடக்கிக்கொண்டு இருளாயி பக்கம் திரும்பினான். "அப்படியானால் கரை அடைபட்டுவிட்டதா, அம்மா?"

இருளாயி நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள். "மண்ணைக் கொட்டினா கரை ஆயிராது மகாராசா. மிதிக்கணும். தண்ணிப் பக்கம் கல்லுப் பாவணும். அதுக்குக் கல்லும் ஆளும் நீங்கதான் தரணும். அதோட மண்ணே இன்னும் கொஞ்சம் கொறையுது."

"எவ்வளவு குறைகிறது?"

"ஒரு திட்டு மண்ணு. அது மேலதான் நீங்க ஒக்காந்திருக்கீக."

அரசன் குனிந்து தன் காலடியைப் பார்த்தான். சுற்றிலும் ஆறு முழப் பள்ளம். ஆலங்கரையின் கடைசி மண்ணை அமுக்கிக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தது தான்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அடக்கி வைத்திருந்த சிரிப்பு பீறிட்டது. ஆசனமே ஆடும்படி சிரித்தான். சிரித்து முடித்தபோது அவன் கண்ணில் இருந்த நீர் சிரிப்பினால் மட்டும் வந்ததா என்று மாசாணத்தால் சொல்ல முடியவில்லை.

ஏணி வைத்தார்கள். அரசன் பள்ளத்துக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஏறினான். சேறு கணுக்கால்வரை அப்பியிருந்தது. கல்லும் ஆளும் மறுநாளே போகவேண்டும் என்று அங்கேயே உத்தரவிட்டான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாசாணத்துக்குப் போட்டான். இனி ஆடிச் சபைக்கு முன்னால் பதினெட்டு நாட்டுக்கும் போய்ப் பார்த்து வருகிற வேலை அவனுடையது என்றான். இருளாயியின் ஆட்கள் திட்டை வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

"அரசே, இந்தக் குழி?" என்றார் நந்திராயர். "சபை ஒருமனதாகத் தீர்மானித்ததே."

"அரண்மனையும் அடுத்த ஆடியில் மற்ற நாடுகளோடு வரிசையில் நிற்கட்டும். முறை வரும்போது யோசிப்போம்" என்றான் அரசன்.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஆலங்கரை ஏரி விளிம்புவரை நிறைந்தது, கரை நின்றது. கீழே நாலு ஊரிலும் ஒரு வாசற்படிகூட நனையவில்லை. அரண்மனை முற்றத்துக் குழியும் நிறைந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் எட்டு அமைச்சர்களும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றித்தான் சபைக்கு வந்தார்கள்.