மடத்து வண்டியின் பின்பிரேக்

தென்காசிப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு மடம். அங்கே குருவுக்கு வயது நாற்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்தெட்டு. குரு உலகம்மை, காவி கட்டுவதற்கு முன்னால் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர். சீடர் அணைஞ்சபெருமாள், மடத்து எலக்ட்ரிக் காரை ஓட்டுகிறவர்.

அணைஞ்சபெருமாளுக்கு ஒரு விரதம் உண்டு. யார் எது கேட்டாலும் 'முடியாது' என்று சொல்வதில்லை. ஊர் சும்மா விடுமா? மடத்துக் காரில் வாழைத்தார் போயிருக்கிறது, ஆட்டுக்குட்டி போயிருக்கிறது. ஒருதடவை கல்யாண வீட்டு இட்லிக் கொப்பரை சீட்பெல்ட் போட்டுக்கொண்டு முன்சீட்டிலேயே போயிருக்கிறது. மனுஷருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

வியாழக்கிழமை காலையில் குருவின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, ஏழு வருஷமா யாருக்கும் முடியாதுன்னு சொன்னதில்ல. ஞானத்துல நான் எத்தனாவது படியில நிக்கேன்?"

உலகம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"வண்டியில என்னமோ சத்தம் கேக்குதே, அண்ணாச்சி?"

"அது கெடக்கும்மா. பத்து நாளா பின்னாடி கரகரங்குது."

"பிரேக் மிதிச்சா கேக்குதா, மிதிக்காமலே கேக்குதா?"

"நான் எங்க மிதிக்கேன்?" அணைஞ்சபெருமாள் சிரித்தார். "ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாப் போதும், மோட்டாரே இழுத்துப் பிடிச்சு நிப்பாட்டிரும். பிரேக்ல கால் பட்டு எத்தனை மாசம் ஆச்சோ! வண்டியும் என்னைய மாதிரிதான், சாந்த சொரூபம்."

குரு கீரையை வைத்துவிட்டு எழுந்தார்.

"ஜாக்கிய எடுங்க."

ஞானம் கேட்டால் ஜாக்கி கேட்கிறாரே என்று சீடருக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் முடியாது என்று சொல்லலாமா? எடுத்துவந்தார். முன்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டு, வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினார்.

குரு சக்கரத்தைக் கையால் சுற்றினார். அம்மியில் கல் உப்பை அரைப்பதுபோல் ஒரு சத்தம். அரைச் சுற்றிலேயே சக்கரம் நின்றுவிட்டது.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததும் அணைஞ்சபெருமாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பளபளவென்று இருக்கவேண்டிய பிரேக் தட்டு முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு.

"ஐயையோ! தேஞ்சு போச்சா?"

குரு, தட்டைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடை நெம்பி எடுத்து அவர் கையில் வைத்தார். கடையில் வாங்கினபடியே தடியாக இருந்தது.

"எங்க தேஞ்சிருக்கு?"

"தேயலயே... பின்ன ஏன் இப்படி?"

"மழைத்தண்ணி பட்டா துருப் பிடிக்கத்தான் செய்யும். நீங்க மிதிச்சா பேடு அதைத் தேச்சு எடுத்துரும். மிதிக்காம விட்டா தட்டும் துரு, பேடை நகத்துற கம்பியும் இறுகிப்போகும். அதான் சும்மா போகும்போதே உரசுது."

குரு உப்புத்தாளைக் கொடுத்தார். சீடர் தட்டைத் தேய்க்க உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மகள் வடிவிடமிருந்து போன் வந்தது. கை முழுக்க அழுக்கு என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, நாளைக்கு ஒம்பது மணிக்கு வளைகாப்பு. வந்துருவீங்கல்லா?"

"வாரேம்மா."

"கல்யாணத்தன்னிக்கும் இதத்தான் சொன்னீங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது. பாவம், அவள் சொன்னதில் தப்பே இல்லை. கல்யாணத்தன்று எவனோ ரோட்டில் கை காட்டினான் என்று அவனைச் செங்கோட்டையில் கொண்டுபோய் விட்டுவிட்டு இவர் மண்டபத்துக்கு வந்தபோது, பந்தியில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது. மகளைத் தாரைவார்த்துக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். அணைஞ்சபெருமாள் தலையைக் குனிந்துகொண்டு தட்டைத் தேய்த்தார்.

"நாளைக்கு வளைகாப்புக்கு இந்த வண்டியிலயே வள்ளியூர் போயிட்டு வாங்கன்னு சொன்னேன்ல? இன்னும் எதுக்கு மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார் குரு.

"ட்ரஸ்டியும் வண்டி கேட்டாரும்மா. அவரு மாமியாரை நாளைக்குக் காலையில திருச்செந்தூர் கூட்டிட்டுப் போகணுமாம்."

"என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"மகள்கிட்ட?"

"அவகிட்டயும் சரின்னுதான்..."

குரு கிரீஸ் டப்பாவைக் கேட்டு வாங்கி, இறுகிப்போன கம்பிகளைத் துடைத்துத் தடவி, எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். அடுத்த சக்கரத்துக்கும் அதே வைத்தியம். பிறகு இருவரும் ஆளில்லாத ஆற்றங்கரை ரோட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனார்கள்.

"நியூட்ரல்ல போடுங்க. அப்பத்தான் மோட்டார் இழுத்துப் பிடிக்காது. இப்ப அழுத்தி மிதிங்க."

மிதித்தார். கர்ர்ர்ரென்று வண்டி அலறியதில் சீடர் பதறிக் காலை எடுத்துவிட்டார்.

"கெடுத்துட்டேம்மா!"

"மிச்சத் துரு போகுது. இன்னும் மிதிங்க."

நாலாவது தடவை சத்தம் பாதியாயிற்று. எட்டாவது தடவை வண்டி சத்தமே இல்லாமல் நின்றது.

திரும்பி வந்தால், மடத்து வாசலில் ட்ரஸ்டி கோமதிநாயகம் நிற்கிறார். அந்தக் காரை மடத்துக்கு வாங்கிக் கொடுத்த புண்ணியவான்.

"என்ன வே, நாளைக்கு எட்டு மணி வேண்டாம், ஏழுக்கே வந்துரும். அத்தைக்கு வெயில் ஆகாது."

அணைஞ்சபெருமாள் குருவைப் பார்த்தார். குரு கீரையைப் பார்த்தார்.

"சரி..." என்று வாய் அதுபாட்டுக்கு ஆரம்பித்தது. வடிவின் குரல் ஞாபகம் வந்தது. வாய் நின்றது. தொண்டைக்குள் என்னமோ உருண்டது, புரண்டது.

"மு... முடியாது!"

வேப்பமரத்துக் காக்காய் அத்தனையும் பறந்தது.

"என்னது?"

"முடியாதுங்கேன்! எம் மவளுக்கு வளைகாப்பு! நான் போகணும்!"

கோமதிநாயகம் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தார். "அதுக்கு ஏன் வே இந்தக் கத்து கத்துதீரு? முந்தியே சொல்லியிருந்தா நான் டாக்ஸி பிடிச்சிருக்கப் போறேன்." முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

அணைஞ்சபெருமாள் குருவின் முன்னால் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஏழு வருஷ விரதம் போச்சும்மா. சொன்னதுதான் சொன்னேன், கொஞ்சம் பதமாவாது சொல்லியிருக்கலாம். என்னமா கரகரன்னு வந்துச்சு, பாத்தீங்களா? மனுஷன் பயந்தே போயிட்டாரு."

உலகம்மை ஒரு கொத்துக் கீரையை எடுத்தார்.

"நாளைக்கு வள்ளியூர் போய்ச் சேருததுக்குள்ள, வழியில எத்தனை பேரு கை காட்டுவாங்க, அண்ணாச்சி?"

"அது இருக்கும்மா, ஒரு ஏழெட்டுப் பேரு."

"அதுக்குள்ள சத்தம் அடங்கிரும்."