அடிப்பலகை இல்லாத பல்லக்கு

எந்தக் காலம், எந்தத் திசை என்றெல்லாம் கேட்காதீர்கள், எனக்கே அலுப்பாக இருக்கிறது. கரும்பாலூர் என்று ஒரு நாடு. அதை வச்சிரபாகு என்ற ராஜா ஆண்டான். பேர்தான் வச்சிரபாகு. முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து தும்முவதற்குக்கூடப் பயப்பட்டான்.

வலி வந்து நாலு மாதம் ஆயிற்று. தைலம் தடவினார்கள், தவிட்டு ஒத்தடம் கொடுத்தார்கள். அந்த நேரம் கொஞ்சம் விடும், மறுபடி பிடித்துக்கொள்ளும். தூக்கம் கெட்ட ராஜாவிடம் வேலை பார்ப்பது எப்படிப்பட்ட கஷ்டம் என்று அந்தச் சபையைத்தான் கேட்க வேண்டும். காலையில் ஒரு தீர்ப்பு, மாலையில் அதற்கு நேர்மாறாக இன்னொன்று.

அரண்மனைக் காரியக்காரர் பொன்னம்பலத்தாருக்கு மந்திரி பதவிமேல் ரொம்ப நாளாக ஒரு கண். இதுதான் சமயம் என்று முன்னால் வந்தார்.

"மகாராஜா, பன்னிரண்டு அடுக்கு இலவம்பஞ்சு மெத்தை கொண்டுவந்திருக்கிறேன். வலிக்குக் காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். இந்தப் பல்லக்குத் தூக்கிகள் உங்களைக் குலுக்குகிறார்கள். நாலு பேரையும் குடும்பத்தோடு நாட்டைவிட்டுத் துரத்துங்கள், சரியாகிவிடும்."

"துரத்துங்கள்" என்றான் ராஜா, கண்ணைத் திறக்காமலே.

மந்திரி குழைக்காதருக்கு அறுபது வயது. முப்பது வருஷமாக இந்த மாதிரிக் கட்டளைகளுக்குக் குறுக்கே நின்று நின்று ஓய்ந்துபோனவர். அன்றைக்கும் எழுந்து நின்றார், பாவம்.

"ஏழு நாள் அவகாசம் கொடுங்கள் மகாராஜா. வலி குறையாவிட்டால் அவர்களோடு நானும் போய்விடுகிறேன்."

"சபை சாட்சி!" என்று பொன்னம்பலத்தார் முந்திக்கொண்டார்.

அன்று முழுக்கக் குழைக்காதர் வேறு வேலை பார்க்கவில்லை, ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மெத்தையிலிருந்து சிம்மாசனம். அங்கே பகலெல்லாம் திண்டில் சரிந்து கிடப்பது. பிறகு பல்லக்கில் ஆற்றங்கரைக் கோயில், திரும்ப மெத்தை. கீழே விழுந்த மோதிரத்தை எடுக்கக்கூட ஓர் ஆள். ராஜா அன்று நடந்தது மொத்தம் நாற்பது அடி. நடக்கச் சொன்னாலும் நடக்க மாட்டான். ராஜாவின் பாதம் தெருமண்ணில் படுவதைக் குடிகள் பார்த்தால் மழை பொய்த்துவிடும் என்பது அந்த நாட்டுச் சம்பிரதாயம்.

மறுநாள் ராஜா பல்லக்குக்குள் நுழைந்ததும் திரையை இழுத்து மூடினார்கள். திரை புதிது, மண்ணைத் தொடும் நீளம்.

"மந்திரியாரே! அடிப்பலகை எங்கே? நான் தரையிலல்லவா நிற்கிறேன்!"

"மெதுவாகப் பேசுங்கள் மகாராஜா, வெளியே கூட்டம் நிற்கிறது. பலகையைக் கழற்றித் தச்சனிடம் கொடுத்திருக்கிறேன். ஏழு நாள் ஆகுமாம்."

"அப்படியானால் வெளியே வந்துவிடுகிறேன்."

"பாதம் தெரிந்துவிடுமே."

"கோயிலுக்கே போகாவிட்டால்?"

"ராஜாவுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது என்பார்கள். பேசாமல் உள்ளேயே நடந்து வாருங்கள்."

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். வேறு வழி? இருபது அடியில் நின்றான். முன்தண்டைப் பிடித்திருந்த முத்திருளன், தலைமைத் தூக்கி, திரை ஓரமாகக் குனிந்தான்.

"சாமி, மூச்சை அடக்காதீங்க. சின்னச் சின்ன எட்டா வைங்க. வலிச்சா சொல்லுங்க, நிப்போம்."

நின்று நின்று போனார்கள். மூன்றாம் நாள் பாதி வழியில் ஒரே ஒருமுறைதான் நின்றார்கள். சபையிலும் நாழிகைக்கு ஒருமுறை ராஜாவை எழுப்பிவிட ஏதாவது சாக்கு வைத்திருந்தார் மந்திரி. ஆறாம் நாள் ராஜா விடியும்வரை தூங்கினான். இதற்கிடையில் ஐந்தாம் நாள் நல்ல மழையும் பெய்தது.

எட்டாம் நாள் சபையில் ராஜா தானாக எழுந்து நின்றான். உடனே பொன்னம்பலத்தார் கைகூப்பினார்.

"என் மெத்தையின் மகிமை! இன்னொன்றும் தெளிவாகிவிட்டது மகாராஜா. துரத்திவிடுவோம் என்றதும் பயந்துபோய்க் குலுக்காமல் தூக்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் குற்றம் அவர்களுடையதுதானே?"

தீர்ப்புக் கேட்க மற்ற மூன்று தூக்கிகளோடு சபை ஓரமாக நின்ற முத்திருளனுக்கு முகம் வெளுத்துவிட்டது. குழைக்காதர் பெருமூச்சு விட்டார்.

"நல்ல கேள்வி. இந்த ஏழு நாளும் இவர்கள் யாரைத் தூக்கினார்கள்?"

"ராஜாவைத்தான்!"

"அதை ராஜாவே சொல்லட்டும்."

சபை திரும்பிப் பார்த்தது. ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லாவிட்டால் நாலு குடும்பம் தெருவில் நிற்கும், மந்திரி பட்ட பாடும் வீணாகிவிடும். சொன்னால் மானம் போகும்.

"யாரும் என்னைத் தூக்கவில்லை" என்றான் கடைசியில். "ஏழு நாளும் தெருமண்ணில் நான் நடந்தேன். காலிப் பல்லக்கைத்தான் சுமந்தார்கள். மழையும் பெய்துவிட்டது. பொன்னம்பலத்தாரே, உம்முடைய மெத்தையில் மூன்று இரவு படுத்தேன், பள்ளத்தில் விழுந்தது போலிருந்தது. நான்காம் நாளே கீழே ஜமுக்காளத்துக்குப் போய்விட்டேன். மெத்தையை நீரே தூக்கிக்கொண்டு போம்."

சேவகர்கள் மெத்தையைக் கொண்டுவந்து போட்டார்கள். பொன்னம்பலத்தார் கோபத்தில் வெடுக்கென்று குனிந்து தூக்கினார். "ஐயோ!" என்று அப்படியே நின்றுவிட்டார், நிமிர முடியவில்லை. சபை சிரித்தது. சிரிக்காதவன் முத்திருளன் ஒருவன்தான். ஓடிப்போய் அவரைத் தாங்கினான்.

"முழங்காலை மடக்கி, உடம்போட அணைச்சுத் தூக்கணும்யா. நாங்க அப்படித்தான் இம்புட்டு வருசம் தாக்குப்பிடிச்சோம். இப்ப மெதுவா நிமிருங்க."

ராஜா அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழைக்காதருக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். பிறகு கேட்டான்: "முத்திருளா, உனக்கு என்ன வேண்டும்? கேள்."

அவன் மற்ற மூன்று பேரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"பெரிசா ஒண்ணும் வேணாம் சாமி. தச்சன் பலகையைக் கொண்டாந்தா, திருப்பி அனுப்பிருங்க. எங்களுக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்கு."