நாலாயிரத்துச் சொச்சத்துச் சைக்கிள்

“தாயி, நாலாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு சைக்கிள் விக்கிறான். தினமும் ஓட்டுனா தாங்குமா?”

பேராச்சி ஒரு ஈரத்துணியைச் சுருட்டி எறிந்தாள்.

பூசைத்துரை அதை நெஞ்சோடு பிடித்தார்.

“துடைங்க, அண்ணாச்சி.”

“எதை?”

“வரிசையா நிக்கிதுல்ல, அதோட சீட்டை.”

“எல்லாத்தையுமா?”

பேராச்சி அதற்குள் டோக்கன் கொடுக்கப் போய்விட்டாள்.

அது ரயில் நிலையத்தை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டு. தகரக் கொட்டகை. உள்ளே நூற்றுநாற்பது சைக்கிள். நடத்துகிற பேராச்சிக்கு வயது முப்பத்தொன்று. துணியும் கையுமாக நின்ற பூசைத்துரைக்கு ஐம்பத்துமூன்று.

வயது கிடக்கட்டும். அந்த ஊரில் சைக்கிள் பற்றிச் சந்தேகம் வந்தால் அவளிடம்தான் போக வேண்டும். கேட்டால் பதில் வராது. வேலை வரும். வேலையை முடித்து நிமிரும்போது சந்தேகம் இருக்காது. சிலருக்கு இடுப்பும் இருக்காது.

பூசைத்துரைக்கு வேறு வழியில்லை. மில்லில் சங்கு ஊதுகிறவர் அவர். காலை எட்டு மணிக்கு அவர் பொத்தானை அமுக்கினால்தான் அறுநூறு பேர் வேலையைத் தொடங்குவார்கள். ஊரில் பாதி அடுப்புகளில் இட்லிச் சட்டி இறங்கும்.

போன மாதம் அவர் வந்துபோகிற மினிபஸ் நின்றுபோனது. மறுநாள் எட்டு மணிச் சங்கு எட்டு ஆறுக்கு ஊதியது.

அந்த ஆறு நிமிஷத்தில் அறுநூறு பேரும் இன்னொரு டீ குடித்தார்கள். “அண்ணாச்சி, நாளைக்கும் இப்படியே வாங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று கும்பிட்டார்கள்.

மேனேஜர் ரகோத்தமன் டீ குடிக்கவில்லை.

“லுக், பூசைத்துரை. மூணு லேட்டு. அவ்வளவுதான் கணக்கு. ஒண்ணு முடிஞ்சுது. மூணாவது விழுந்துச்சுன்னா என் டிரைவரோட மச்சினன் வந்து சங்கு ஊதுவான். ஒரு சைக்கிள் வாங்குய்யா. வாங்குறதை நல்லதா வாங்கு. என்னோடது நாப்பதாயிரம். இருபத்தோரு கியர். டெய்லி இருபது கிலோமீட்டர், காத்து மாதிரி! மலிவா வாங்கினேன்னு வையி, நடுரோட்டுல உக்காந்து அழுவே.”

அத்தோடு விட்டதா?

கடைக்காரப் பையன் சொன்னான்: “சார், இது அலாய் சார். இது டபுள் வால் சார். அது வேணாம் சார், அது சும்மா சைக்கிள் சார்.”

டீ மாஸ்டர் சொன்னார்: “நாலாயிரத்துக்கு இப்போ நாய்க்குட்டிகூட வராதேப்பா.”

வீட்டில் சொன்னாள்: “அதுக்கு ரெண்டு சோடி செருப்பு வாங்கி நடந்துருங்க. கால் தேஞ்சாலும் காசு மிஞ்சும்.”

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை.

அதனால் துடைத்தார்.

முதல் சைக்கிள் பழையது. மட்கார்டு ஒரு பக்கம் இளித்துக்கொண்டிருந்தது. சீட்டில் துணியை வைத்தார். வழுக்கிக்கொண்டு போனது. துணியில் அழுக்கே ஏறவில்லை.

இரண்டாவதும் அப்படித்தான். கேரியரில் பால்கேன் கொக்கி. தினமும் உட்கார்ந்து உட்கார்ந்து சீட்டு கண்ணாடியாகப் பளபளத்தது.

ஏழாவதில் துணி கறுத்தது.

எட்டடி தள்ளி நின்று பார்த்தார். கொம்பு மாதிரி ஹேண்டில், யானைக்கால் டயர். விலை அங்கிருந்தே தெரிந்தது. சீட்டு தூசியில் தெரியவில்லை.

இருபத்திரண்டாவது, வழுக்கியது. முப்பதாவது, வழுக்கியது. முப்பத்தொன்றாவதில் துணியை இரண்டு தரம் அலச வேண்டியிருந்தது.

அறுபத்துநாலாவது சைக்கிள் முன்னால் பூசைத்துரை குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு டயரும் சப்பிக் கிடந்தன. இருபத்தோரு கியர். அத்தனையையும் சுற்றி ஒரு சிலந்தி வலை கட்டிக் குடும்பம் நடத்தியது. தூசியை ஒதுக்கினால், கம்பியில் மாதச் சந்தா அட்டை. அதில் பேர்: ரகோத்தமன்.

“தாயி... இது எங்க...”

“சந்தா மாசாமாசம் வந்துரும். ஆள் வந்து ஏழு மாசமாச்சு.”

“டெய்லி இருபது கிலோமீட்டர்னாரே!”

“துடைங்க, அண்ணாச்சி.”

நூற்றுநாற்பதும் முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பூசைத்துரை துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். நேரே கடைக்குப் போனார். நாலாயிரத்துச் சொச்சத்தை எண்ணி வைத்தார்.

சந்தனம், குங்குமம் வைத்தார். சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கினார். ஏறி மிதித்தார்.

மூன்றாம் நாள் அவர் சைக்கிளை ஓட்டி வரவில்லை. உருட்டி வந்தார். இடது பெடல் அவர் கையில் இருந்தது.

சங்கு எட்டு பன்னிரண்டுக்கு ஊதியது. தொழிலாளிகள் பஜ்ஜியே சாப்பிட்டுவிட்டார்கள். மேனேஜர் இரண்டு விரலைக் காட்டினார்.  

ஞாயிற்றுக்கிழமை காலையில், பெடலை ஆட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குள் நுழைந்தார்.

“குருவே! என்னை ஏமாத்திட்டீங்களே!”

“நான் எங்க வாயத் திறந்தேன்?”

பூசைத்துரை யோசித்துப் பார்த்தார். திறக்கவில்லைதான்.

“இன்னும் ஒரே ஒரு லேட்டு. அவ்வளவுதான், எனக்கே சங்கு. மேனேஜர் சொன்னதுதான் சரி. மலிவு மலிவுதான்.”

பேராச்சி சைக்கிளைச் சுற்றி ஒரு நடை வந்தாள். சீட்டில் பாலிதீன் உறை. ஹேண்டிலில் பாலிதீன் உறை. பாரில், மட்கார்டில், கேரியரில், எங்கெங்கும் கடையில் சுற்றிய பாலிதீன்.

“இதை ஏன் இன்னும் கிழிக்கல?”

“புதுசு இல்லியா! புதுசுல போய்க் கை வைக்கலாமா?”

“சைக்கிள் யாருது?”

“இதென்ன கேள்வி? என்னுது.”

“பின்சக்கரத்துல எத்தனை கம்பி?”

பூசைத்துரை குனிந்தார். அவள் தன் கையால் சக்கரத்தை மறைத்தாள்.

“பாக்காம சொல்லுங்க.”

ரயில் ஒன்று வந்தது. நின்றது. போனது. அவர் இன்னும் விரலை மடக்கிக்கொண்டிருந்தார்.

சர்ர்ரென்று ஒரு சத்தம். பேராச்சி சீட்டு உறையைக் கிழித்துவிட்டாள். பூசைத்துரைக்குத் தன் முதுகுத்தோலையே உரித்தது போலிருந்தது. “ஐயோ!” என்பதற்குள் ஹேண்டில் போனது. பார் போனது. அப்புறம் அவள் ஸ்பேனரை எடுத்தாள்.

“குருவே, வேணாம்! கேரண்டி போயிரும்!”

அரைமணி நேரத்தில் சைக்கிள் போய்விட்டது. ஒரு சாக்கின் மேல் இரும்பும் ரப்பரும் குவிந்து கிடந்தன.

பேராச்சி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“இப்ப ஓட்டுங்க.”

பூசைத்துரை அந்தக் குவியலைப் பார்த்தார். குவியலும் அவரைப் பார்த்தது.

குனிந்து ஒரு போல்ட்டைக் கையில் எடுத்தார். அப்புறம் ஒரு வாஷர்.

சக்கரத்தின் நடுவில் பால்ரஸ் குண்டுகள் காய்ந்த மிளகு மாதிரி உருண்டன. பொட்டுக் கிரீஸ் இல்லை. கழன்ற பெடலை ஒன்றரைச் சுற்று மட்டும் திருகிவிட்டு, முடுக்கியதாக நினைத்துக்கொண்டு யாரோ சாப்பிடப் போயிருக்கிறார்கள். பிரேக் கட்டையை நகத்தால் கீறினார். நகம் தேய்ந்தது.

“இதைப் பூட்டுனவன் எந்த அவசரத்துல பூட்டுனானோ!”

“ஒரு நாளைக்கு முந்நூறு சைக்கிள் பூட்டுவான். அதுல ஒண்ணு.” பேராச்சி ஒரு டப்பாவை நகர்த்தினாள். “பெடலும் பிரேக் கட்டையும் தூக்கிப் போடுற சாமான். இதை மாட்டுங்க. மிச்சம் நல்ல இரும்பு.”

அவள் அன்று பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

மதியம் சைக்கிள் எழுந்து நின்றது. பூசைத்துரை வேட்டியில் கையைத் துடைத்தார். அப்போதுதான் சாக்கைப் பார்த்தார்.

“குருவே, மூணு போல்ட்டு மிஞ்சிருச்சு. கம்பெனிக்காரன் கூடுதலாக் குடுத்திருப்பானோ?”

“நாலாயிரத்துக்கா?”

மறுபடி கழற்றினார்.

இரண்டாம் தரம் ஒன்று மிஞ்சியது. மூன்றாம் தரம் எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் முன்சக்கரம் சுற்றவில்லை. நாலாம் தரம் பூட்டிவிட்டுச் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். அது சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு டவுன் பஸ் போய்விட்டது, இன்னும் சுற்றியது.

நிமிர்ந்து பார்த்தார். பேராச்சி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல், பல் விளக்கியதும் அவருக்குச் சைக்கிள்தான். எங்கே லொடலொடக்கிறதோ அங்கே ஒரு முடுக்கு. எங்கே கிறீச்சிடுகிறதோ அங்கே ஒரு சொட்டு. பத்து நிமிஷ வேலை. ஆடி போனது, ஆவணி, புரட்டாசி போனது. சங்கு ஒரு நாளும் பிசகவில்லை. தொழிலாளிகள்தான் டீ போச்சே என்று சைக்கிளைச் சபித்தார்கள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது.

ஒரு காலை ஏழரை மணி. ரயில்பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். இந்தப் பக்கம் கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் கல்யாணப் பந்திக்குக் காத்திருப்பதுபோல வரிசையாக நின்றன. முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்ட ஒரு வெள்ளைக் கார் மட்டும் தண்ணீருக்குள் மூக்கு வரை மூழ்கிக் கிடந்தது.

அதன் கண்ணாடி இறங்கியது. மேனேஜர் தலையை நீட்டினார்.

“பூசைத்துரை! எங்கய்யா போறே? ஒருத்தரும் தாண்ட முடியாது! இன்னிக்கு எல்லாருமே லேட்டுதான், நில்லு!”

“நான் நிப்பேன் சார். எட்டு மணி நிக்காதே!”

பூசைத்துரை இறங்கினார். சைக்கிளைத் தூக்கினார். பார் தோளில் வந்து உட்கார்ந்தது. ரயில்பாதைக்கு மேலே போகிற நடைபாலத்தில் ஏறினார்.

நாற்பத்திரண்டு படி. பத்தாவதில் மூச்சு வாங்கியது. இருபதாவதில் முழங்கால் அவரிடம் ராஜினாமா கொடுத்தது. முப்பதாவதில் கீழேயிருந்து ஒரு லாரி டிரைவர் விசிலடித்தான். “விடாதே, பெருசு! தூக்கு!” வரிசையில் நின்ற அத்தனை பேரும் அத்தனை ஹாரனையும் அடித்தார்கள்.

உச்சியில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கம் இறங்கினார். ஏறினார். மிதித்தார்.

எதிர்க்காற்று. முகத்தில் மழை ஊசி ஊசியாகக் குத்தியது. ஓடைச் சரிவில் சைக்கிள் தானாகப் பறந்தது. கீழே ரோட்டை அடைத்துக்கொண்டு எருமைகள். எட்டு எருமை. பிரேக்கைப் பிடித்தார்.

கட்டை கவ்வியது. முதல் எருமையின் வாலுக்கு ஒரு சாண் இருக்கும்போது சைக்கிள் நின்றது. எருமை திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோட்டது.

ஏழு ஐம்பத்தாறுக்கு மில்.

மிச்சம் நாலு நிமிஷம் பூசைத்துரை பொத்தானுக்கு முன்னால் சொட்டச் சொட்ட நின்றார். பெரிய முள் மேலே ஏறியது. விரலை வைத்தார். அமுக்கினார்.

அப்படி ஒரு சங்கு அந்த மில்லில் அதற்குமுன் ஊதியதில்லை என்று வாட்ச்மேன் சொரிமுத்து இன்றும் சொல்கிறான். நீளம் என்னவோ எப்போதும் போல அரை நிமிஷம்தான்.

எட்டு நாற்பதுக்கு மில் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். பேண்ட் முழங்கால் வரை சுருட்டியிருந்தது. கையில் ஷூ. சேற்றைக் கழுவினால் மேனேஜர்.

“கேட்டைத் திற.”

“சங்கு ஊதியாச்சு, சார்.” சொரிமுத்து கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீசைக் காட்டினான். “‘சங்குக்குப் பிறகு யாராக இருந்தாலும் அனுமதி இல்லை’னு போட்டிருக்கு. கையெழுத்து ஒங்களுது.”

“யோவ், நான்...”

“நல்ல மை சார். இந்த மழைக்கும் அழியல.”

ரகோத்தமன் கம்பிகளுக்கிடையே உள்ளே பார்த்தார். பூசைத்துரை ஒரு பழந்துணியால் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சைக்கிளில் மழைநீர் முத்து முத்தாக நின்றது.

மேனேஜர் அதையே பார்த்தார். கோபம் எங்கோ தண்ணீரோடு போயிருந்தது.

“என்ன விலைய்யா அந்தச் சைக்கிள்?”

பூசைத்துரை சொல்ல வாயைத் திறந்தார்.

பின்சக்கரத்துக்கு நாற்பது கம்பி. முன்சக்கரத்துக்கு முப்பத்திரண்டு. ஹேண்டிலுக்குப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர், சக்கரத்துக்குப் பதினஞ்சு. ஒவ்வொன்றாக வந்தது. விலை வரவில்லை. யோசித்தார். சுத்தமாக வரவில்லை.

சிரிப்புத்தான் வந்தது. அடிவயிற்றிலிருந்து, சங்கு மாதிரி.

சொரிமுத்துவிடம் கண்ணைக் காட்டினார். கேட்டு ஒரு ஹேண்டில் அகலத்துக்குத் திறந்தது. பூசைத்துரை சைக்கிளை வெளியே நீட்டினார்.

“ஓட்டிப் பாக்குறீங்களா, சார்?”