ஊமத்தங்குளத்தார் சின்ன வண்டி தேடிய கதை

ஊமத்தங்குளத்துக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஒன்றைச் சொன்னால் அப்படியே கேட்டுக்கொள்கிற ஜனங்கள். கேட்டதை அப்படியே செய்தும் விடுவார்கள், வம்பெல்லாம் அங்கேதான்.

அந்த ஊர் வழியாக ரயில் போகும், நிற்காது. மற்றவர்களுக்கு அது ஒரு குறை, அவ்வளவுதான். ஆவுடையப்பனுக்கோ வயிற்றெரிச்சல். அவன் பெண்டாட்டி செண்பகவல்லிக்கு டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. சாயங்கால ரயிலில் அவள் ஊரைத் தாண்டிப் போவாள். ஜன்னல் வழியாக அவள் கைகாட்ட, தண்டவாளத்தோரம் நின்று இவன் கைகாட்ட, வண்டி போயே போய்விடும். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து அவள் வீடு வந்து சேருமுன் இவன் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். நான் கட்டிக்கிட்டது பெண்டாட்டியையா ஜன்னலையா என்று சில நாள் அவனுக்கு அழுகையே வரும்.

ஸ்டேஷன் கேட்டு ஊரார் ரொம்ப நாள் அலைந்த பிறகு ரயில்வே ஆபீசர் ஒருவர் மனதிரங்கினார். "ஸ்டேஷன் எங்க வரணும், ரயில்வே கேட்டுல என்னென்ன வண்டி நிக்கும்னு ஒரு மாடல் செஞ்சு வைங்க. வண்டியெல்லாம் ரயிலுக்கு ஏத்த அளவுல இருக்கணும். வந்து பார்க்கிறேன்" என்றார்.

பள்ளிக்கூட மேஜை ஒன்றின்மேல் மாடல் எழும்பியது. திருவிழாவில் வாங்கிய சாவி ரயில், பெட்டி ஒவ்வொன்றும் விரல் நீளம். தீப்பெட்டியில் ஸ்டேஷன், தென்னங்குச்சியில் கேட். ஆனால் கேட்டில் நிற்க வண்டி இல்லை. ரயில் கமிட்டித் தலைவர் பலவேசம் அண்ணாச்சியும், ஆவுடையப்பனும், எதற்கும் கூடவே வரும் மாசானமும் டவுனுக்குப் போனார்கள்.

ரயிலுக்கு ஏற்ற அளவில் பொம்மைக் கார்கள் கடையில் இருந்தன. விலையைக் கேட்டதும் அண்ணாச்சி காரைத் தொட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மலிவாக இருந்தது ஒரு பிளாஸ்டிக் லாரி மட்டும்தான், சோத்துப் பானை அளவில்.

"கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்க, சின்னதாத் தெரியும்" என்றான் கடைக்காரன், ஆள் ஒழிந்தால் போதும் என்று.

லாரியை வாங்கி வந்து, பள்ளிக்கூடத்தில் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். ஆபீசருக்கான நாற்காலியில் ஆவுடையப்பன் ஒற்றைக் கண்ணை மூடி உட்கார, மாசானம் லாரியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தான். ஸ்டேஷனைவிடப் பெருசு, இன்னும் போ. இன்னும் போ. வகுப்பைத் தாண்டி, திடலைத் தாண்டி, சுற்றுச்சுவர் ஓரம் போய் நின்றபோது லாரி கச்சிதமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, சுவருக்கும் அப்பால் மெயின் ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. அதுவும் அதே அளவு.

"அண்ணாச்சி, அங்க சும்மாவே ஓடுது. நாம போயிக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கோம்" என்றான் ஆவுடையப்பன்.

அண்ணாச்சி எழுந்து பார்த்தார். காரும் பஸ்ஸும் லாரியுமாக வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றை அள்ளி வர, அரிசி புடைக்கிற சுளகு ஒன்றை எடுத்துக்கொண்டு மூவரும் கிளம்பினார்கள்.

பாதி வழியில் மாசானம் நின்றுவிட்டான். "என்னவே இது, கிட்ட வர வர வீங்குது?"

"நம்மளக் கண்டு பயந்திருக்கும். நாயைக் கண்டா பூனை உப்புமில்லா?" என்றான் ஆவுடையப்பன்.

அண்ணாச்சி வெகுநேரம் யோசித்தார். "பூனைக்குக் கண்ணு இருக்கு, பஸ்ஸுக்கு ஏதுவே? நாமதான் அதைப் பாக்குதோம். பாக்கப் பாக்க வளருது. பாக்காமப் போவோம்."

கையைக் கோத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்தார்கள். மூடிய ரயில்வே கேட்டில் நின்ற லாரியின் பின்கதவில் மூன்று நெற்றியும் ஒன்றாக முட்டின.

டிரைவர் இறங்கி வந்தார். "என்னய்யா வேணும்?"

"லாரியை எடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"சுளகுலயா?"

"கிளம்பும்போது சின்னதாத்தான் இருந்திச்சு" என்றார் அண்ணாச்சி, புடைத்த நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. "அதுக்குள்ள வளத்துப்புட்டீரே."

டிரைவர் போய் ஏறிக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டார்.

வண்டி வராவிட்டால் ஸ்டேஷன் வராது, ஸ்டேஷன் வராவிட்டால் செண்பகவல்லி வரமாட்டாள். அந்தத் துக்கத்தில்தான் ஆவுடையப்பனுக்கு அந்த யோசனை தோன்றியது. வண்டியை மாடலுக்குக் கொண்டுவர முடியாது என்றால், வண்டி சின்னதாக இருக்கிற இடத்துக்கு மாடலைக் கொண்டு போய்விடுவது. ஊருக்கு மேற்கே உள்ள பாறைமேல் மேஜையை ஏற்றினார்கள்.

ஆபீசர் மூச்சு வாங்க ஏறி வந்து, மேஜையைப் பார்த்தார்.

"வண்டி எங்கப்பா?"

"கீழ இருக்கு சார். எல்லாம் ரயிலுக்கு ஏத்த அளவு" என்றான் ஆவுடையப்பன்.

கீழே மூடிய கேட்டின் இருபுறமும் பஸ்ஸும் டிராக்டரும் ஆட்டோவும் கண்ணுக்கெட்டிய மட்டும் நின்றன. ஆபீசர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தனை வண்டி வர்ற ஊர்ல ரயில் நிக்கலையா?" என்று கேட்டுவிட்டு, சிபாரிசு எழுத இறங்கிப் போனார்.

முதல் முதலாக ரயில் நின்ற அன்று ஊரே பாறைமேல் உட்கார்ந்திருந்தது. ஸ்டேஷன் கிடைத்தது அங்கேதானே. கீழே மண்புழு மாதிரி ரயில் வந்து நின்றது. நீலச்சேலையில் ஒருத்தி இறங்கினாள். ஆவுடையப்பன் எழுந்து நின்றுவிட்டான்.

"அண்ணாச்சி, என் பெண்டாட்டியைச் சுருக்கிப்புட்டானுவளே. சுண்டுவிரல் தண்டிதான் இருக்கா. இவளை வெச்சு நான் எப்படிக் குடும்பம் நடத்த?"

"லாரியை மறந்துட்டியாவே? கிட்டப் போனா வளருவா. கண்ணைத் தொறந்துகிட்டே ஓடு."

ஓடினான். முழங்கால் உயரம் வந்தாள், இடுப்புயரம் வந்தாள், சந்தோஷத்தில் இன்னும் ஓடினான். சொந்த அளவுக்கு அவள் வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் சட்டென்று நின்றான்.

"செண்பகம், அங்கேயே நில்லு. இதுக்கு மேல கிட்ட வந்தா பெருத்துருவ."

அவள் ஓர் எட்டு வைத்தாள், இவன் ஓர் எட்டு பின்னால் போனான். அப்படியே அவள் முன்னோக்கி நடக்க, இவன் அவளைக் கண் வாங்காமல் பார்த்தபடி பின்னோக்கியே நடக்க, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். சின்ன வாசல். இவன் உள்ளே நின்றுகொண்டான். அவள் படியேறி நெருங்க நெருங்க, அவளையும் வாசல் உயரத்தையும் மாறி மாறிக் கண்ணால் அளந்தான்.

"குனிஞ்சு வா தாயி, தலை இடிக்கும்" என்றான்.

முக்காலி போட்டாலும் பரண் எட்டாத பொம்பளை செண்பகவல்லி. ஆனால் அவளும் பிறந்தது ஊமத்தங்குளத்தில்தான். நன்றாகக் குனிந்தே வந்தாள்.