முப்பத்துநாலு மில்லி

மூன்றாம் வருடம், வெள்ளிக்கிழமை லேப். ஜன்னலுக்கு வெளியே வேப்பம்பூ, உள்ளே அமோனியா. இரண்டும் கலந்த அந்த வாசம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

பக்கத்து மேஜை சங்கரேஸ்வரியின் ரெக்கார்டு நோட்டுக்குள் ஒரு விண்ணப்பம் இருந்தது. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பயிற்சிக்கு. அன்றுதான் கடைசி நாள்.

ஹில்டா மேடத்திடம் கேட்டாள். “அந்தப் பிள்ளைங்ககிட்ட போகணும்னுதான் இருக்கு மேடம். ஆனா மூணு வருஷக் கெமிஸ்ட்ரி வீணாப் போயிடுமே? மக கெமிஸ்ட்ரி வாத்தியார் ஆகப் போறான்னு அப்பா வேற ஊரெல்லாம் சொல்லியாச்சு.”

“முதல்ல டைட்ரேஷனை முடி.”

குடுவையில் அமிலம். மேலே ப்யூரெட்டிலிருந்து காரம் சொட்டுச் சொட்டாக விழும். குடுவை ரோஸ் நிறமானதும் நிறுத்த வேண்டும். எங்களுக்கெல்லாம் இருபது மில்லியில் வந்துவிட்டது. அவளுக்கு முப்பதைத் தாண்டியும் வெறும் தண்ணீர் மாதிரியே கிடந்தது.

“ஏட்டி, தாமிரபரணியவே ஊத்தப் போறியா?” என்றேன்.

முறைத்தாள். ஊற்றினாள்.

மேடம் வந்து நின்றபோது முப்பத்துநாலு.

“என்ன மறந்தே?”

“இண்டிகேட்டர் விடல மேடம்.”

அது இல்லாமல் விடிய விடிய ஊற்றினாலும் நிறம் வராது.

“எப்போ தெரிஞ்சுது?”

தலையைக் குனிந்தாள். “இருபத்தஞ்சுலயே.”

“அப்புறமும் ஏன் ஊத்தினே?”

“அவ்வளவு ஊத்தியாச்சேன்னு...”

மேடம் இண்டிகேட்டர் எடுத்து இரண்டு சொட்டு விட்டார். குடுவை முழுக்க அடர் ரோஸ்.

“எந்தச் சொட்டுல மாறுச்சு?”

“தெரியல மேடம்.”

“கொட்டிட்டு வா.”

கொட்டினாள். கழுவினாள். இந்தத் தடவை முதல் வேலையாக இண்டிகேட்டர். இருபதை நெருங்கும்போது குழாயை லேசாகத் திருப்பி, ஒரே ஒரு சொட்டு. மெல்லிய ரோஸ் வந்து, அப்படியே நின்றது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“ஆனா முதல்ல ஊத்தினது வீண்தானே மேடம்?”

மேடம் அவள் கையைப் பார்த்தார்.

“முதல் வருஷம் நடுங்கி நடுங்கி ரெண்டு பிப்பெட்டை உடைச்ச கை இது. குடுவையைத்தானே கொட்டினே? கையையுமா கொட்டிட்டே?”

சங்கரேஸ்வரி நோட்டைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தாள். என் பக்கம் பார்க்காமலே கையை நீட்டினாள். பேனாவைக் கொடுத்தேன்.

இன்னும் திருப்பித் தரவில்லை.